ஆறு வீக் ஆஃப், ஆறு சீரியல்: எங்க ஒரகடம் ரூமோட ரேங்க் லிஸ்ட்

(எபிசோடோட எழுத்து வடிவம் இது. பேச்சு பேச்சாவே இருக்கட்டும்னு விட்டிருக்கோம். சொன்னதையே திரும்பச் சொன்ன இடங்களும், நடுவுல புகுந்த டிரெய்லர் லாரி ஹார்னும் மட்டும் வெட்டியாச்சு.)

போன எபிசோட்ல "சீரியல் ரேங்கிங் ஒண்ணு போடுங்க"ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. போட்டுட்டோம். போட்டதுல ரூம்ல ரெண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லாம போச்சு. அந்தக் கதையையும் சேர்த்தே சொல்லிடறேன்.

முதல்ல நாங்க யாருன்னு தெரியாதவங்களுக்கு. ஒரகடம் ஜங்ஷன்ல இருந்து கொஞ்சம் உள்ள தள்ளி, ஒரு மாடி ரூம். நாலு பொண்ணுங்க. எல்லாரும் இந்த சிப்காட் பக்கம் கம்பெனி வேலைதான். ஒருத்தரை ஒருத்தர் ஊர்ப் பேர் வெச்சுத்தான் கூப்பிட்டுக்குவோம். நான் ஆரணி. என்கூட லைன்ல வேலை பாக்கிறவ தேனி. வயசுல மூத்தவங்க கடலூர் அக்கா. நாலாவது ஆள் ஒடிசா. அவ தமிழ் கத்துக்கிட்டதே சீரியல் பாத்துதான். அதனால வந்த புதுசுல "சாம்பார் எங்க?"ன்னு கேக்கத் தெரியாது. ஆனா "இது ஒரு சூழ்ச்சி"ன்னு தெளிவா சொல்லுவா. சாதத்துல உப்பு ஜாஸ்தியானாக்கூட சூழ்ச்சிதான்.

இந்த வருஷம் கடலூர் அக்காவுக்கு காண்ட்ராக்ட் முடியப் போகுது, ரெனிவல் இல்லைன்னு சொல்லிட்டாங்க. கையில ஆறு வாரம் இருந்துச்சு. ஆறு வாரம்னா ஆறு வீக் ஆஃப். "போறதுக்கு முன்னாடி நாம எல்லாரும் சேர்ந்து ஏதாவது பண்ணணும்டி"ன்னு அக்கா சொன்னாங்க. மகாபலிபுரம் போகலாம்னு ஒரு யோசனை வந்துச்சு. வெயில் பாத்து விட்டுட்டோம். அப்பதான் தேனி சொன்னா: "பழைய சீரியல் எல்லாம் மறுபடி பாத்து எது பெஸ்ட்டுன்னு ஒரு முடிவுக்கு வருவோம்."

ஒரு சீரியலுக்கு ஒரு ஷிஃப்ட்

சொல்றது ஈஸி. கணக்கு போட்டுப் பாத்தாதான் தெரியும். 'கோலங்கள்' 2003-ல ஆரம்பிச்சு 2009-ல முடிஞ்சது. 1533 எபிசோட். விளம்பரம் போக ஒரு எபிசோடுக்கு 20 நிமிஷம்னு வெச்சுக்கிட்டாலும் 511 மணி நேரம். எட்டு மணி நேர ஷிஃப்ட்டா பிரிச்சா 64 ஷிஃப்ட். ஓடி சேர்க்காம. 'மெட்டி ஒலி' 811 எபிசோட், அது ஒரு 34 ஷிஃப்ட். ஆறு வீக் ஆஃப்ல எப்படி முடியும்?

அதனால ஒரு விதி வெச்சோம். ஒவ்வொரு சீரியல்லயும் முதல் பத்து எபிசோட், நடுவுல அஞ்சு, கடைசி அஞ்சு. மொத்தம் இருபது. நானூறு நிமிஷம். சாப்பாட்டு இடைவேளை, டீ பிரேக், சண்டை பிரேக் எல்லாம் சேர்த்தா சரியா ஒரு ஷிஃப்ட் நேரம். தண்ணி பாட்டில்ல போனைச் சாய்ச்சு வெச்சு, நாலு தலையும் ஒண்ணா முட்டிக்கிட்டுப் பாத்தோம். பெரும்பாலானது யூடியூப்லயே இருக்கு. மிச்சம் ஓடிடியில.

இங்க ஒரு கேள்வி வரும். நடுவுல எட்நூறு எபிசோடைத் தாவினா கதை புரியுமா? புரியுது! அதுதான் இந்த ஆறு வாரத்துல நாங்க கண்டுபிடிச்ச முதல் விஷயம். சீரியலை எழுதறதே, நீங்க தவற விடுவீங்கன்னு தெரிஞ்சுதான். ஒரு விஷயம் திங்கக்கிழமை நடக்கும். செவ்வாய் அதை மருமக அம்மாகிட்ட போன்ல சொல்லுவா. புதன் வேலைக்காரம்மா பக்கத்து வீட்ல சொல்லுவாங்க. வியாழன் வில்லி தனியா நின்னு கேமராவைப் பாத்து சொல்லிக்குவா. வெள்ளி எல்லாரும் கூடத்துல நின்னு மறுபடி பேசுவாங்க. அஞ்சு நாள்ல ஏதாவது ஒரு நாள் பாத்தாப் போதும், நீங்க கதைக்குள்ள இருப்பீங்க.

இது நம்ம ஊர் சோம்பேறித்தனம் இல்லை. 1930-கள்ல அமெரிக்காவுல ரேடியோ தொடர்கள் வந்தப்பவே இப்படித்தான். சோப்பு விக்கிற ப்ராக்டர் அண்ட் கேம்பிள் மாதிரி கம்பெனிங்க காசு போட்டதாலதான் 'சோப் ஓபரா'ன்னே பேர் வந்துச்சு. கேக்கிறவங்க பகல்ல வீட்டு வேலை செய்யற பொம்பளைங்க. பாத்திரம் கழுவும்போது பாதி காதுல விழும், பாதி விழாது. அதுக்குத் தோதா திரும்பத் திரும்பச் சொன்னாங்க. 1984-ல தூர்தர்ஷன்ல 'ஹம் லோக்' வந்தப்போ, ஒவ்வொரு எபிசோட் முடிவுலயும் நடிகர் அசோக் குமார் வந்து நடந்ததைப் பத்தி நேயர்கள்கிட்ட பேசுவார். அதுவும் அதே வேலைதான்.

கை வேலையில இருக்கிறவங்களுக்காகப் பிறந்த வடிவம் இது. எங்க விஷயத்துல ஒரே வித்தியாசம், லைன்ல போன் கிடையாது. ஏ ஷிஃப்ட் போன வாரம் ராத்திரி ஒன்பதரை சீரியல் பாப்போம். பி ஷிஃப்ட் வந்தா பத்து மணிக்குத்தான் வேலையே முடியும். சி ஷிஃப்ட்ல பத்து மணிக்கு உள்ள நுழையணும், ஒன்பதரைக்கு கம்பெனி பஸ்ல சுங்குவார்சத்திரத்தைத் தாண்டிக்கிட்டு இருப்போம். அதனால பாத்தவ பாக்காதவளுக்குச் சொல்லணும். பஸ்ல ஒரு அக்கா இருந்தாங்க. அவங்க சொல்ற எபிசோட், டிவியில வந்ததை விட நல்லா இருக்கும். நான் முழு 'எதிர்நீச்சல்'ல பாதியை அவங்க வாயாலதான் பாத்தேன்.

ஏன் முடிய மாட்டேங்குது?

ரேங்கிங்குக்கு முன்னாடி இன்னொண்ணு. "ஏன் ஒரு சீரியல் ஆறு வருஷம் ஓடுது?"ன்னு தேனி கேட்டா. இதுக்குப் பின்னாடி ஒரு வியாபாரக் காரணம் இருக்கு.

சன் டிவியில ரொம்ப காலம் 'ஸ்லாட்' முறை இருந்துச்சு. தயாரிப்பாளர் சேனலுக்கு ஒரு கட்டணம் கட்டி அரை மணி நேரத்தை எடுத்துக்குவார். அந்த நேரத்துல வர்ற விளம்பரத்தை அவரே வித்துக்குவார். ராதிகாவோட ராடான், 'கோலங்கள்' எடுத்த விகடன் டெலிவிஸ்டாஸ் எல்லாம் அப்படி வளர்ந்த கம்பெனிங்கதான். யோசிச்சுப் பாருங்க. நல்லா போற ஒரு சீரியல் கையில இருந்தா, விளம்பரக்காரங்க வரிசையில நிக்கிறாங்க. அதை முடிச்சுட்டு புதுசா ஒண்ணு ஆரம்பிச்சா அது ஓடுமா ஓடாதான்னு தெரியாது. அப்போ யார் முடிப்பாங்க? வில்லி ஜெயிலுக்குப் போவா, வெளிய வருவா, மறுபடி போவா.

தேனி சொன்னா, "நம்ம காண்ட்ராக்டும் இப்படி நீட்டிக்கிட்டே போனா எவ்வளவு நல்லா இருக்கும்." யாரும் பதில் சொல்லல. கடலூர் அக்கா துணி மடிச்சுக்கிட்டு இருந்தாங்க.

மூணு டெஸ்ட்

மார்க் போட மூணு கேள்வி வெச்சோம்.

ஒண்ணு, ஷிஃப்ட் டெஸ்ட்: பத்து நாள் பாக்காம விட்டு மறுபடி பாத்தா ஒட்டிக்குதா?

ரெண்டு, முடிவு டெஸ்ட்: முடிவு தெரிஞ்ச பிறகும் பாக்கத் தோணுதா?

மூணாவது, கடலூர் அக்கா சேர்த்தது. கட்சி டெஸ்ட்: சின்ன வயசுல யார் கட்சியில இருந்தோம், இப்ப யார் கட்சி? மாறியிருந்தா ஏன் மாறினோம்? இந்த டெஸ்ட்தான் கடைசியில எல்லாத்தையும் தலைகீழாக்குச்சு. இப்ப லிஸ்ட்டுக்குப் போவோம், கீழ இருந்து.

6. சரவணன் மீனாட்சி (விஜய் டிவி, முதல் சீசன், 2011–2013)

'மதுரை'ங்கிற சீரியல்ல வந்த சரவணன், மீனாட்சி ஜோடி பிடிச்சுப் போய், அவங்களுக்குன்னே தனியா ஒரு சீரியல் போட்டாங்க. மிர்ச்சி செந்தில், ஸ்ரீஜா. பின்னாடி நிஜத்துலயும் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. எங்க வயசு ஆளுங்களுக்கு இதுதான் முதல் காதல் சீரியல். ஸ்கூல்ல பாதி பேருக்கு இந்தப் பாட்டுத்தான் ரிங்டோன்.

இப்ப பாத்தா? முதல் பத்து எபிசோட் இனிக்குது. சேர்ந்த பிறகு அந்த இனிப்பு கரைஞ்சு போகுது. முடிவு டெஸ்ட்ல மாட்டிக்கிச்சு. சேருவாங்களாங்கிற பதற்றம்தான் அதோட உயிர். அது தெரிஞ்சுட்டா மிச்சம் கொஞ்சம்தான். ஆனா ஒடிசா மட்டும் இதை முதல் இடத்துல வெச்சா. அவ இப்பதான் முதல் தடவை பாக்கிறா, அவளுக்கு முடிவு தெரியாது. அதனால அந்த ஓட்டை ஓட்டாவே எடுத்துக்கல. (சூழ்ச்சின்னு சொன்னா.)

5. தெய்வமகள் (சன் டிவி, 2013–2018)

வாணி போஜன் சத்யா, கிருஷ்ணா பிரகாஷ். ஆனா உண்மையில இது காயத்ரியோட சீரியல். ரேகா கிருஷ்ணப்பா நடிச்ச அந்த 'அண்ணியார்' வர்ற எல்லா சீனும் இப்பவும் நிக்குது. சின்ன வயசுல காயத்ரி வந்தா டிவியைத் திட்டுவேன். இப்ப பாக்கும்போது நாலு பேரும் அண்ணியார் கட்சி. அந்த வீட்ல வேலை தெரிஞ்ச ஒரே ஆள் அவங்கதான். பிளான் போடுறது, ஆள் பிடிக்கிறது, டார்கெட் முடிக்கிறது. "எங்க லைன் லீடரா வந்தா அவுட்புட் எங்கயோ போயிடும்"னு தேனி சொன்னா.

கட்சி டெஸ்ட்ல நல்ல மார்க். ஆனா அண்ணியார் இல்லாத எபிசோடை ஒன்றரை மடங்கு வேகத்துல ஓட்டினோம், அப்பவும் தூக்கம் வந்துச்சு. அதான் அஞ்சு.

4. விடாது கருப்பு (1990-கள், மர்மதேசம் வரிசை)

இது மெகா சீரியல் வர்றதுக்கு முன்னாடி காலம். வாரத்துக்கு ஒரு எபிசோட். இந்திரா சௌந்தர்ராஜன் கதை, நாகா இயக்கம், கே. பாலசந்தரோட மின்பிம்பங்கள் தயாரிப்பு. கிராமத்துல தப்பு பண்றவங்களைக் கருப்புசாமி தண்டிக்கிறாரா, இல்லை ஏதோ ஒரு மனுஷன் பண்றானான்னு போகும் கதை. சேத்தனும் தேவதர்ஷினியும் அப்ப சின்னப் பசங்க.

ராத்திரி லைட்டை அணைச்சுட்டுப் பாத்தோம். குதிரைச் சத்தம் வரும்போது ஒடிசா என் கையை நகம் பதியப் பிடிச்சா. வாரத் தொடர்ங்கிறதால வீண் பேச்சே இல்லை, ஒவ்வொரு சீனும் வேலை செய்யுது. முடிவு தெரிஞ்சும் பாக்கலாம். அப்ப ஏன் நாலு? ஷிஃப்ட் டெஸ்ட்ல பெயில். ஒரு எபிசோட் தாவினாலும் ஒண்ணும் புரியல. நல்ல சீரியல்தான். ஆனா நம்மளை மாதிரி ஆளுங்களுக்காக எழுதினது இல்லை. முழு வாரமும் பகல்ல முழிச்சிருக்கிறவங்களுக்காக எழுதினது.

3. எதிர்நீச்சல் (சன் டிவி, 2022–2024)

திருச்செல்வம் இயக்கினது. 'கோலங்கள்' எடுத்தவரும் அவரேதான், அதுல தொல்காப்பியனா நடிச்சவரும் அவரேதான். நாலு அண்ணன் தம்பிங்க கல்யாணம் பண்ணிக் கூட்டிட்டு வந்த நாலு படிச்ச பொண்ணுங்க, ஒரு வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடக்கிறாங்க. மூத்தவர் ஆதி குணசேகரன் சொல்றதுதான் சட்டம். அந்த வேஷத்துல ஜி. மாரிமுத்து.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. ஆம்பளைத் திமிரைத் திட்டறதுக்காக எடுத்த சீரியல்ல, திமிர் பிடிச்ச ஆம்பளைதான் ஸ்டார் ஆயிட்டார். "இந்தாம்மா ஏய்"னு அவர் சொன்னது ரீல்ஸ் எல்லாம் ஓடுச்சு. நாங்களும் சிரிச்சோம். கடலூர் அக்கா மட்டும் சிரிக்க மாட்டாங்க. "இந்த மாதிரி ஆளோட ஒரே வீட்ல இருந்து பாருங்கடி, அப்புறம் சிரிங்க"ம்பாங்க.

2023 செப்டம்பர் 8, வெள்ளிக்கிழமை காலையில, இதே சீரியலுக்கு டப்பிங் பேசிக்கிட்டு இருந்த மாரிமுத்து மாரடைப்புல இறந்துட்டார். நாங்க சி ஷிஃப்ட் முடிச்சுட்டு வந்து படுத்திருந்தோம். போனைப் பாத்துட்டு முதல்ல அழுதது கடலூர் அக்காதான். "அந்த ஆள் நடிச்சதாலதான் என் வீட்ல இருக்கிறவங்களுக்கு அது தப்புன்னே தெரிஞ்சுது"ன்னாங்க. அப்புறம் அந்த வேஷத்துல வேல ராமமூர்த்தி வந்தார். நல்ல நடிகர். ஆனாலும் கதை பழைய இடத்துக்குத் திரும்பல. மாரிமுத்து இருந்த வரைக்கும்னு பிரிச்சுப் பாத்தா இதுக்கு இன்னும் மேல இடம் கொடுத்திருப்போம்.

இடைவேளை: குப்பை, ஆனா நம்ம குப்பை

அமெரிக்காவுல ஹால்மார்க், லைஃப்டைம் மாதிரி சேனலுங்க டிவிக்குன்னே படம் எடுக்கும். கிறிஸ்துமஸ் வந்தா வரிசையா வரும், எல்லாம் ஒரே கதை. நம்ம ஊர்ல அந்தப் பழக்கம் பெருசா வளரல. ஆனா அந்த இடத்தை வேற ஒண்ணு பிடிச்சுக்கிச்சு. தியேட்டர்ல வந்த ஞாபகம் யாருக்கும் இல்லாத, டிவியிலயே பிறந்த மாதிரி இருக்கிற படங்கள். ஆடி மாசம் வெள்ளிக்கிழமை சேனல் மாத்தினா எங்கயாவது ஒரு அம்மன் கண்ணைத் திறப்பாங்களே, அந்த ஜாதி. இதுக்கு தனி லிஸ்ட், மூணு இடம்.

மூணாவது, நாகினி. ஹிந்தியில 2015-ல கலர்ஸ்ல ஆரம்பிச்ச ஏக்தா கபூரோட 'நாகின்'. தமிழ்ல டப் பண்ணி சன் டிவியில வந்துச்சு. மௌனி ராய் மூணு தடவை தலையைத் திருப்புவாங்க, மூணு தடவையும் இடி இடிக்கும். இது சீரியல்தானேன்னு கேப்பீங்க. குப்பை லிஸ்ட்டுக்கு சட்டதிட்டம் கிடையாது.

ரெண்டாவது, 2000-ல ஒரே வருஷத்துல இராம நாராயணன் கொடுத்த 'ராஜகாளி அம்மன்', 'பாளையத்து அம்மன்' ரெண்டும். பிரிக்க முடியல. நூத்துக்கும் மேல படம் இயக்கினவர் அவர். யானை, குரங்கு, பாம்பு எல்லாம் வெச்சு வேலை வாங்கினவர். இந்தப் படங்கள்ல கிராபிக்ஸ் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். ஆனா வடிவேலு வந்தா நிக்கும், ரம்யா கிருஷ்ணன் சிரிச்சா அடங்கிடுவோம்.

முதல் இடம், 'அம்மன்'. தெலுங்குல 1995-ல 'அம்மோரு'ன்னு வந்தது. கோடி ராமகிருஷ்ணா இயக்கம், ஷ்யாம் பிரசாத் ரெட்டி தயாரிப்பு. இதே ரெண்டு பேரும்தான் 2009-ல அனுஷ்காவை வெச்சு 'அருந்ததி' எடுத்தாங்க. 'அம்மன்'ல சௌந்தர்யாவைப் புகுந்த வீட்ல கொடுமைப்படுத்துவாங்க. அம்மன் ஒரு சின்னப் பொண்ணு வடிவத்துல அந்த வீட்டுக்கே வேலைக்காரியா வருவா. கடைசியில ரம்யா கிருஷ்ணனா மாறி ராமி ரெட்டியை ஒரு கை பாப்பா.

குப்பைன்னு சொன்னேன். ஆனா பாத்து முடிச்சதும் தேனி ஒண்ணு கேட்டா. "நம்ம சீரியல்ல மாமியார் கொடுமைக்கு மருமக அழுவா. இந்தப் படத்துல சாமியே இறங்கி வந்தாத்தான் அடிக்க முடியுது. நடுவுல ஒரு மனுஷன் கூட இல்லையா?" அந்தக் கேள்வியோட கடைசி ரெண்டு இடத்துக்குப் போவோம்.

2. கோலங்கள் (சன் டிவி, 2003–2009)

இதுதான் என் முதல் இடம். ஓட்டுல தோத்துட்டேன்.

தேவயானி நடிச்ச அபி. அப்பா விட்டுட்டுப் போன வீட்டைத் தூக்கி நிறுத்தற மூத்த பொண்ணு. தம்பி, தங்கச்சிங்க எல்லாருக்கும் படி அளக்கிறவ. அவங்களே அவளைக் குத்திக் காட்டுவாங்க. புருஷன் பாஸ்கர் ஒரு பக்கம், தொழில்ல எதிரியா ஆதி ஒரு பக்கம். அந்த ஆதி, அதே அப்பாவோட இன்னொரு குடும்பத்துப் பையன்.

இது ஆரம்பிச்சப்போ எனக்கு நாலு வயசு, முடிஞ்சப்போ பத்து. எங்க தெருவே அபிக்காக அழுவும். நானும் அழுதேன். தியாகம்னா என்னன்னு அபியைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

இப்ப மறுபடி பாக்கும்போது, அபி சம்பளத்தை அம்மா கையில கொடுக்கிற ஒரு சாதாரண சீன். நான் போனை நிறுத்தச் சொல்லிட்டேன். ஏன்னா அன்னைக்குக் காலையிலதான் நான் வீட்டுக்குப் பணம் அனுப்பியிருந்தேன். தம்பி பைக் டியூ. அனுப்பிட்டு, என் கணக்குல மிச்சம் எவ்வளவுன்னு பாக்காமலே ஆப்பை மூடியிருந்தேன்.

அபி பாவம்னு நினைச்ச காலம் போய், "அபி, உனக்குன்னு என்ன வெச்சிருக்க?"ன்னு கேக்கத் தோணுச்சு. கட்சி மாறல. அவ கட்சிதான். ஆனா இனிமே அவளைக் கும்பிட முடியாது. சண்டைதான் போட முடியும். ஸ்ரீபெரும்புதூர்ல இருந்து ஒரகடம் வரைக்கும் ஒவ்வொரு ஹாஸ்டல்லயும் ஒரு அபி இருக்கா. அவளுக்கு யாரும் டைட்டில் சாங் போடல, அவ்வளவுதான்.

1. மெட்டி ஒலி (சன் டிவி, 2002–2005)

திருமுருகன் இயக்கி, கோபியா நடிச்சது. டெல்லி குமார் நடிச்ச சிதம்பரம், அவரோட அஞ்சு பொண்ணுங்க. டைட்டில் பாட்டுக்கு ஆடினவங்களுக்கு இன்னைக்கும் 'மெட்டி ஒலி' சாந்தின்னுதான் பேர். அந்தப் பாட்டு கேட்டா எந்த வயசு ஆளும் திரும்பிப் பாப்பாங்க.

மூணு டெஸ்ட்லயும் பாஸ். எங்க விட்டாலும் ஒட்டிக்குது. முடிவு தெரிஞ்சும் பாக்க முடியுது, ஏன்னா இதுல பெரிய மர்மம் எதுவும் கிடையாது. அஞ்சு பொண்ணையும் நல்ல இடத்துல கட்டிக் கொடுத்து, அவங்க நல்லா இருக்கிறதைப் பாக்கணும், அதுதான் அந்த மனுஷனோட மொத்தக் கவலை. வில்லன்னு தனியா ஒருத்தன் வேண்டாம். கல்யாணம் பண்ணிக் கொடுத்த வீடே போதும்.

சரோஜா வர்ற எபிசோட் ஓடிச்சு. புருஷன் மாணிக்கமா நடிச்சது, 'விடாது கருப்பு' ஹீரோ சேத்தன். மாமியார் ராஜமா சாந்தி வில்லியம்ஸ். ஒடிசா "இந்த அத்தை நிஜமாவே இப்படியா?"ன்னு கேட்டா. பதில் வரல. கடலூர் அக்கா போனை எடுத்துக் கவுத்து வெச்சுட்டாங்க.

அக்காவைப் பத்தி அவங்க அனுமதியோடதான் இங்க சொல்றேன். அவங்களுக்குக் கல்யாணமாகி, அந்த வீட்ல இருக்க முடியாம வெளிய வந்துதான் இந்த வேலைக்கு வந்தாங்க. வேலை இருந்த வரைக்கும் வீட்ல யாரும் ஒண்ணும் கேக்கல. காண்ட்ராக்ட் முடியுதுன்னு தெரிஞ்சதும், "சரி, இனிமே அங்கேயே திரும்பிப் போயிடு, கொஞ்சம் அனுசரிச்சுப் போ"ன்னு அவங்க அம்மா சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க.

அக்கா சொன்னது இது: "இந்த சீரியல் வந்தப்போ எனக்கு எட்டு ஒன்பது வயசு. சரோஜா அடி வாங்கும்போது எங்கம்மா முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டே, 'ஏன்டி அங்கேயே கிடக்கிற, உங்கப்பன் வீட்டுக்கு வந்துடேன்டி'ன்னு டிவியைப் பாத்துச் சொல்லுவாங்க. நானும் சொல்லுவேன். ரெண்டு பேரும் ஒரே கட்சி. இப்ப நான் வந்து நிக்கிறேன். எங்கம்மா கட்சி மாறிட்டாங்க."

அந்த டெஸ்ட்டை ஏன் அக்கா சேர்க்கச் சொன்னாங்கன்னு அப்பதான் எங்களுக்குப் புரிஞ்சுது. நாம மறுபடி பாக்கும்போது சீரியல் மாறியிருக்காது. அதே சீன், அதே இடி, அதே அழுகை. நாம எந்தப் பக்கம் நகர்ந்திருக்கோம்னு மட்டும் தெரியும். சில பேர் நகர்ந்தது அவங்களுக்கே தெரியாது.

நான் அப்பவும் 'கோலங்கள்'தான் முதல்னு வாதாடினேன். தப்புதான். ரெண்டு நாள் பேசாம இருந்தது அதுக்குத்தான். "உனக்கு உன் சம்பளம்தான் தெரியுது"ன்னு தேனி திட்டினா. மூணுக்கு ஒண்ணுன்னு 'மெட்டி ஒலி' ஜெயிச்சுது. ஒடிசா ஓட்டையும் இந்தத் தடவை கணக்குல எடுத்தோம்.

அக்கா கிளம்பின பிறகு

கிளம்புற அன்னைக்கு முன்னாடி ராத்திரி, அக்கா அந்த சரோஜா எபிசோட் லிங்க்கை அவங்க அம்மாவுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பினாங்க. கூட ஒரு வார்த்தையும் எழுதல. ரெண்டு நீல டிக் வந்துச்சு. நாலு பேரும் அந்த டிக்கையே பாத்துக்கிட்டு இருந்தோம். ஒரு மணி நேரம் கழிச்சு போன் வந்துச்சு. அம்மா கேட்டது: "இந்த சேத்தன் பையனுக்கு இப்ப என்ன வயசு இருக்கும்?"

அவ்வளவுதான். வேற எதுவும் பேசல. காலையில அக்கா பையைத் தூக்கிக்கிட்டு பஸ் ஏறிட்டாங்க. படப்பை வழியா தாம்பரம் போய், அங்க இருந்து கடலூர் பஸ்.

போன வாரம் பேசினேன். ஊர்லயே ஒரு இடத்துல வேலைக்குக் கேட்டிருக்காங்களாம். இங்க வேற காண்ட்ராக்டர்கிட்டயும் சொல்லி வெச்சிருக்காங்க. திரும்பிப் போறதைப் பத்தி வீட்ல இன்னும் ஒரு முடிவும் ஆகல. ஆனா சாயங்காலம் விளக்கு வெச்சதுக்கு அப்புறம், அம்மாவும் அக்காவும் 'மெட்டி ஒலி'யை முதல் எபிசோட்ல இருந்து பாக்க ஆரம்பிச்சிருக்காங்க. தாவாம, ஒண்ணு விடாம. நாற்பத்து மூணாவதுல இருக்காங்களாம்.

"அம்மா இதுவரைக்கும் மாணிக்கத்துக்கு ஆதரவா ஒரு வார்த்தை பேசலடி"ன்னாங்க. "இன்னும் எழுநூத்து அறுபத்தெட்டு எபிசோட் இருக்கு. பாப்போம்."

சரி மக்களே, உங்க லிஸ்ட்டை அனுப்புங்க. வாய்ஸ் நோட்டா அனுப்பினா இன்னும் சந்தோஷம். அடுத்த எபிசோட்ல சிலதைப் போடுறோம். ரேங்க் மட்டும் போதாது. சின்ன வயசுல யார் கட்சி, இப்ப யார் கட்சின்னும் சொல்லணும். எனக்கு நாளைக்கு ஏ ஷிஃப்ட், அஞ்சு மணிக்கு பஸ். வரட்டா.